காயமில்லாத ஆண்டு

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் மூக்கு உடைந்த நாளிலிருந்து காவல் நிலையத்தில் அவரை எல்லாரும் 'மூக்கு' என்றே கூப்பிட்டார்கள். மேலதிகாரிகள் மட்டும் கொஞ்சம் மரியாதை கொடுத்து 'மிஸ்டர் மூக்கு' என்றார்கள்.

மூக்கு உடைந்தது ஒரு வேலைநாளின் நடு மதியத்தில். புருஷன் பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான் என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. இந்த மாதிரி அழைப்புக்கு இரண்டு பேராகப் போக வேண்டும் என்பது பழைய வழக்கம். மூக்கின் ஜோடி, 'நெட்டை' என்று பெயர் வாங்கிய உயரமான காவலர், அன்றைக்கு ஆணையர் வீட்டில் இருந்தார். ஆணையர் மகளுக்குப் பிறந்தநாள்; பலூன் கட்ட உயரமான ஆள் தேவைப்பட்டது. அதனால் மூக்கு தனியாகப் போனார்.

அந்த வீட்டில் இருந்த பெண் தையல் வேலை செய்கிறவள். முன்னறையில் ஜன்னலோரமாகத் தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, மேசைமேல் பாதி தைத்த திரைச்சீலை, இஸ்திரிப் பெட்டி. நடுவில் அவள் புருஷன், சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன், அவள் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"விடுங்க அவங்கள" என்றார் மூக்கு.

லாரிக்காரன் சொன்ன பேச்சைக் கேட்டு விட்டுவிட்டான். அதனால் அவன் கை காலியானது. காலியான கை இஸ்திரிப் பெட்டியை எடுத்தது. பெட்டி ஆறிப்போயிருந்தது அவர் செய்த புண்ணியம். மூக்கில் விழுந்தது ஒரே அடிதான். அதற்குப் பிறகு அவருக்கு ஞாபகம் இருப்பதெல்லாம், தையல்காரி அந்தத் திரைச்சீலையைப் புருஷன் தலையில் மூடியதும், தன் சட்டைக் காலரைப் பிடித்து யாரோ மாட்டை இழுப்பதுபோல் வெளியே இழுத்ததும்தான். தெருப்படியில் உட்காரவைத்து மூக்கில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தலையைப் பின்னால சாய்க்காதீங்க தம்பி. ரத்தம் தொண்டைக்குள்ள போகும். முன்னால குனிங்க. எனக்கு இதெல்லாம் பழக்கம்."

யார் யாரைக் காப்பாற்றப் போனார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை கொஞ்சம் குழப்பமாகவே இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆணையர் வந்தார். அவருக்கு முன்னால் போட்டோ எடுக்கிறவர்கள் வந்தார்கள். ஆணையர் கட்டிலருகே குனிந்து, "உனக்கு என்ன வேணும்னாலும் கேளு. கூச்சப்படாதே" என்றார்.

"கூட ஒரு ஆள் இருந்தா போதும் சார். அன்னைக்கு நெட்டை இருந்திருந்தா அவன் கையை ஓங்கியே இருக்க மாட்டான்."

பஞ்சு அடைத்த மூக்கோடு சொன்னதால் அது ஆணையர் காதில் சரியாக விழவில்லை. அல்லது விழுந்து, அவர் மனதில் வேறு மாதிரி விரிந்திருக்கலாம். கேமராக்கள் பக்கம் திரும்பினார்.

"நம் சகோதரர் சிந்திய ரத்தம் வீண்போகாது. இனிமேல் குடும்பச் சண்டை என்று யார் கூப்பிட்டாலும் நாம் முதலில் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நமக்கு என்ன ஆகும்?"

கைதட்டினார்கள். நர்ஸ் மட்டும் தட்டவில்லை; அவள் கையில் ஊசி இருந்தது.

காவலரை அடித்த குற்றத்துக்காக லாரிக்காரனுக்கு எட்டு மாதம் சிறை கிடைத்தது. மனைவியை அடித்ததைப் பற்றியும் வழக்கில் ஒரு பகுதி இருந்தது. இரண்டும் சேர்ந்தால் நீதிபதிக்குக் குழப்பமாகிவிடும் என்று அரசு வக்கீல் அதை எடுத்துவிட்டார்.

மூக்கு திரும்பி வேலைக்கு வருவதற்குள் 'குடும்ப அழைப்புக் காவலர் பாதுகாப்புப் பிரிவு' தொடங்கப்பட்டிருந்தது. தனிக் கட்டடம், தனி வண்டி, தனி முத்திரை. முத்திரையில் ஒரு கேடயம், கேடயத்துக்கு நடுவில் ஒரு மூக்கு. பிரிவுக்கு ஆட்கள் வேண்டுமே. தெருவில் ரோந்து போகிறவர்களிடமிருந்துதான் எடுத்தார்கள். முதலில் எடுக்கப்பட்டவர் நெட்டை. எந்தச் சுவரில் எந்தப் படம் மாட்டினாலும் அவருக்கு ஏணி தேவையில்லை என்பது ஒரு வசதி.

"அப்ப எனக்கு ஜோடி யாரு சார்?" என்று நிலையப் பொறுப்பாளரிடம் கேட்டார் மூக்கு.

"உனக்கு ஒரு பிரிவே ஜோடியா இருக்கு. இன்னும் என்னய்யா ஜோடி?"

வீட்டில் அவர் மனைவிக்கு இந்தப் பிரிவு ரொம்பப் பிடித்திருந்தது. அவள் பள்ளிக்கூட டீச்சர். விதிமுறை என்று எழுதிவைத்த எதிலும் அவளுக்கு ஒரு மதிப்பு உண்டு. "அவங்க சொல்றபடி வெளியவே நில்லுங்க" என்றாள். "அந்தச் சட்டையை நான்தான் துவைச்சேன். எத்தனை தண்ணியில அலசியும் ரத்தம் போகல. உங்களுக்கு அது சிரிப்பா இருக்கலாம்."

அவருக்குச் சிரிப்பாக இல்லை. ராத்திரியில் மூச்சு விசிலடித்தது. யாராவது பக்கத்தில் வேகமாகக் கை தூக்கினால், அது தலைசீவத்தான் என்றாலும், கண் தானாக மூடிக்கொண்டது. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்றுதான் அவருக்கும் பட்டது. எங்கேயோ ஒன்று இடித்தது. எது என்று சொல்லத் தெரியவில்லை.

பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். ஆயுதப்படை மைதானத்தில் அட்டையால் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். கூடம், படுக்கையறை, சமையலறை, எல்லாவற்றுக்கும் அளவான கதவுகள். சமையலறையில் நிஜப் பாத்திரங்கள். கூடத்தில் ரப்பரால் செய்த புருஷன் ஒருவன், கையைத் தூக்கியபடி. முறுக்கிய மீசை, சிவந்த கண். செய்தவன் ரசித்துச் செய்திருந்தான்.

பிரிவின் தலைவரான பாதுகாப்பு அதிகாரி, கையில் ஒரு பிரம்போடு விளக்கினார். அவர் சட்டையில் மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை. மூக்கு வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இந்த வீட்டு அம்மா எங்க சார்?"

"எந்த அம்மா?"

"அடி வாங்குறவங்க."

அதிகாரி பொறுமையாகச் சொன்னார். "இது காவலர் பாதுகாப்புப் பயிற்சி. அவங்களையும் உள்ள வெச்சா உங்க கவனம் சிதறும்."

பிறகு ஆய்வு முடிவுகளைச் சொன்னார். வீட்டிலேயே ஆபத்தான இடம் சமையலறை. அதற்கடுத்து கூடம். அதற்கடுத்து வாசல். இதுவரை காயமடைந்த காவலர்கள் அத்தனை பேரும் வாசற்படியைத் தாண்டியவர்கள். தாண்டாமல் தெருவில் நின்றவர்களில் ஒருவருக்கும் சிறு கீறல்கூட இல்லை.

"இதிலிருந்து என்ன தெரிகிறது?"

"வாசற்படியை இடிச்சுடணும் சார்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அந்தக் குரலுக்கு உடையவரை அதிகாரி கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

விதிகள் வந்தன. வீட்டிலிருந்து முப்பது மீட்டர் தள்ளித்தான் வண்டியை நிறுத்த வேண்டும். தலைக்கவசம், மார்புக்கவசம், முழங்கால் கவசம் அணிய வேண்டும். உள்ளே இருப்பவர்களிடம் ஒலிபெருக்கியில் பேச வேண்டும். வீட்டில் உள்ள ஆபத்தான பொருள்கள் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் உள்ளே போகலாம். யார் வெளியே கொண்டுவருவது என்ற கேள்விக்கும் விதியில் பதில் இருந்தது. காவலர்கள் உள்ளே போக முடியாது என்பதால், புகார் கொடுத்தவரே கொண்டுவர வேண்டும்.

கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிற பெண்ணின் வேலையும் மாறியது. மூக்கு ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டார்.

"உங்க கணவர் இப்ப நிக்கிறாரா, உட்கார்ந்திருக்காரா? … கதவைத் தட்டிட்டு இருக்காரா. அப்ப நிக்கிறார்னு வெச்சுக்கறேன். நீங்க எங்க இருக்கீங்க? … குளியலறையிலயா? அங்க பக்கெட் இருக்கா? உலோகமா, பிளாஸ்டிக்கா?" கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு ரிசீவரை மெதுவாகக் கீழே வைத்தாள். "கட்டாயிடுச்சு" என்றாள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பதினேழு கேள்வி. இதுவரைக்கும் யாரும் ஒன்பதைத் தாண்டல."

ஆண்டு முடிந்தபோது அந்தப் பிரிவு சாதித்தது நிஜமாகவே சாதனைதான். குடும்ப அழைப்புகளில் ஒரு காவலருக்குக்கூடக் காயம் இல்லை. விழா எடுத்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் 'காயமில்லாத ஆண்டு' என்று எழுதியிருந்தது. மூக்கை முன்வரிசையில் மேடையைப் பார்த்தபடி உட்காரவைத்திருந்தார்கள். அவரைப் பக்கவாட்டில் படம் எடுத்தால்தான் மூக்கு வளைந்திருப்பது தெரியும் என்று போட்டோக்காரர் இரண்டு முறை வந்து அவர் தாடையைத் திருப்பிவிட்டுப் போனார்.

ஆணையர் பேசினார். "சிலர் கேட்கிறார்கள், அந்தப் பெண்களின் காயம் என்ன ஆனது என்று. நியாயமான கேள்விதான். ஆனால் அது சுகாதாரத் துறையைக் கேட்க வேண்டிய கேள்வி. அடுத்தவர் துறையில் தலையிடுவது நாகரிகம் அல்ல. எங்கள் வீட்டை நாங்கள் சுத்தமாக வைத்திருக்கிறோம்."

அந்த நேரத்தில்தான் ஒருவர் ஓடிவந்து பாதுகாப்பு அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி ஆணையரின் காதில் சொன்னார். ஆணையரின் முகம் மலர்ந்தது. மைக்கிலேயே சொன்னார்: இப்போதுதான் ஓர் அழைப்பு வந்திருக்கிறது, நம் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்று பத்திரிகை நண்பர்கள் நேரிலேயே வந்து பார்க்கலாம்.

முகவரியைக் கேட்டதும் மூக்கு எழுந்து போய் முதல் வண்டியில் ஏறிக்கொண்டார். அதே தையல்காரி வீடு. லாரிக்காரன் தண்டனை முடிந்து வெளியே வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது.

தெருமுனையில் வண்டிகள் நின்றன. நெட்டை ஒரு முனையிலும் இன்னொருவர் மறுமுனையிலுமாக நாடாவைப் பிடித்து முப்பது மீட்டர் அளந்தார்கள். இருபத்தொன்பதில் ஒரு சாக்கடை மூடி வந்ததால் மறுபடி அளந்தார்கள். கயிறு கட்டினார்கள். மூக்குக்குத் தலைக்கவசம் மாட்டினார்கள். முகத்தட்டு சரியாக உடைந்த இடத்தில் வந்து அழுத்தியது.

பாதுகாப்பு அதிகாரி ஒலிபெருக்கியை எடுத்தார். "வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கவும். வீட்டில் கூர்மையான பொருள்கள் ஏதாவது உள்ளனவா?"

ஜன்னலில் தையல்காரி தெரிந்தாள். ஒரு கண் வீங்கியிருந்தது. "நான் தையக்காரி சார்" என்றாள். "எல்லாமே கூர்மைதான்."

"அவற்றை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வைக்கவும். அவசரப்பட வேண்டாம்."

கதவு திறந்தது. அவள் பெரிய கத்திரிக்கோலைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பிறகு சின்னக் கத்திரிக்கோல். ஊசி டப்பா. இஸ்திரிப் பெட்டி வந்தபோது ஆணையர் அருகிலிருந்தவரிடம், "அதேதானா?" என்று கேட்டார். சமையலறைக் கத்தி, வாணலி, குழவி மாதிரி ஏதோ ஒரு கல், மர அளவுகோல். ஒவ்வொரு முறையும் அவள் கூடத்தில் நின்றிருந்த புருஷனைத் தாண்டித்தான் போய்வர வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை போனபோது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. நான்காவது தடவை வெளியே வந்தபோது அவள் உதடு கிழிந்திருந்தது. அதிகாரி பட்டியலில் குறித்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, நீங்க அப்படியே இந்தப் பக்கம் வந்துடுங்க" என்று கத்தினார் மூக்கு. தலைக்கவசத்துக்குள் அது அவர் காதிலேயே விழுந்தது.

அவள் தானாகவே படியைவிட்டு இறங்கத்தான் பார்த்தாள். அதற்குள் ஒலிபெருக்கி சொன்னது: "புகார்தாரர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. இது காவலர்களுக்கான பாதுகாப்பு வளையம்."

அவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் லாரிக்காரன் வாசலுக்கு வந்தான். கும்பிடு போட்டான். "சார், நான் போலீஸ் மேல கை வைக்கிற ஆளே இல்ல சார். ஒரு தடவை வெச்சேன், எட்டு மாசம் களி தின்னேன். புத்தி வந்துடுச்சு."

"பார்த்தீர்களா" என்றார் ஆணையர், பத்திரிகைக்காரர்களிடம். "மனமாற்றம். தண்டனை வேலை செய்கிறது."

"உங்கள் கணவர் கையில் இப்போது என்ன உள்ளது?" என்று கேட்டது ஒலிபெருக்கி.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் அவள். "கை மட்டும்தான்."

அதிகாரி பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். கை அதில் இல்லை. "வீடு பாதுகாப்பானது" என்று அறிவித்தார். "காவலர்கள் இன்னும் பத்து நிமிடத்தில் உள்ளே வருவார்கள். அதுவரை இருவரும் உள்ளே சென்று அமைதியாக இருக்கவும்."

லாரிக்காரன் அவள் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனான். கதவு சாத்திக்கொண்டது. வீட்டில் இருந்த அத்தனை கத்தியும் கத்திரியும் தெருப்படியில் வரிசையாக இருந்தன. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ஊசிகூட இல்லை.

தையல் மெஷின் விழுந்த சத்தம் தெருமுனைவரை கேட்டது.

மூக்குக்குக் கால் நகரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். உடைந்த எலும்பு அப்போதுதான் உடைந்ததுபோல் தெறித்தது. மனைவி சட்டையை அலசிக்கொண்டிருப்பது கண்முன்னால் வந்தது. மூச்சு முட்டியதால்தான் முதலில் தலைக்கவசத்தைக் கழற்றினார். கழற்றியதும் அவள் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"நெட்டை" என்றார். "வாடா."

நெட்டை கையில் நாடாவின் முனையைப் பிடித்தபடி நின்றிருந்தார். மூக்கைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், நாடாவைக் கீழே போட்டார். இரண்டு பேரும் கயிற்றைத் தாண்டி ஓடினார்கள். பின்னால் ஒலிபெருக்கி, "நில்லுங்கள், இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது" என்றது.

உள்ளே நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும் லாரிக்காரன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான். தையல்காரி மேசைக்கடியில் கிடந்தாள். வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய பக்கம் இல்லாமல் வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. மூக்கு குனிந்து அவளைத் தாங்கி உட்காரவைத்தார். அவள் திறந்திருந்த கதவுவழியாக வெளியே பார்த்தாள்.

"தூறுது தம்பி" என்றாள். "கத்திரிக்கோலை யாராவது உள்ள எடுத்து வைங்க. துரு பிடிச்சுடும்."

விசாரணை வைத்தார்கள். மூக்கு மேலும் நெட்டை மேலும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: தங்கள் பாதுகாப்புக்குத் தாங்களே ஆபத்து விளைவித்தார்கள்.

"உள்ள போனப்ப உனக்கு அடி ஏதாவது பட்டுதா?" என்று கேட்டார் பாதுகாப்பு அதிகாரி.

"இல்ல சார்."

"கீறல்?"

"இல்ல சார். ரெண்டு பேரா போனோம். அவன் உட்கார்ந்துட்டான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. "நீ பண்ணின காரியம் உனக்கே புரியல. உனக்கு அடி பட்டிருந்தா, எங்க விதி சரின்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். அவனையும் ஒரு வருஷம் உள்ள தள்ளியிருக்கலாம். இப்ப வழக்குல என்ன இருக்கு? ஒரு பொம்பளை கை. அரசு வக்கீல் என்னைத் திட்டறார். முழுசா வெளிய வந்து நிக்கிறியே, உனக்கே கூச்சமா இல்லையா?"

மூக்கு தன்னையே ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க சார்" என்றார். எதற்கு என்று வெளியே வந்த பிறகுதான் யோசித்தார்.

நெட்டையைத் துறைமுகத்துக்கு மாற்றினார்கள். மூக்கைத் தலைக்கவசக் கிடங்கில் போட்டார்கள். கவசங்களுக்குப் பூஞ்சை பிடிக்காமல் துடைத்துவைக்கிற வேலை. லாரிக்காரன் சில வாரங்களில் ஜாமீனில் வந்தான். வீட்டில் மனைவி அதிகம் பேசவில்லை. கிடங்கு என்றதும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். பிறகு, "அந்தம்மா கை எப்படி இருக்காம்?" என்று மட்டும் கேட்டாள்.

அதைப் பார்க்கத்தான் ஒரு விடுமுறை நாளில் போனார். தையல்காரி இப்போது ஒரு மருந்துக்கடைக்கு மேலே, தன் தங்கை பார்த்துக் கொடுத்த ஒற்றை அறையில் இருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தது. இடது கையால் துணி வெட்டிப் பழகுகிறாள். தரையெல்லாம் கோணல்மாணலான துண்டுகள்.

"அவர் இந்த இடத்தைக் கண்டுபிடிச்சுட்டார்" என்றாள். "நேத்து எதிர்ல டீக்கடையில நின்னுட்டு இருந்தார். நான் போன் பண்ணா நீங்க வருவீங்களா தம்பி?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "என்னைக் கிடங்குல போட்டுட்டாங்கக்கா."

"அப்ப யார் வருவாங்க?"

"வருவாங்க" என்றார். "வந்து நிப்பாங்க."

அவள் தலையாட்டினாள். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதுபோல. பிறகு கதவைக் காட்டினாள். தாழ்ப்பாள் என்று ஒரு தகடு தொங்கிக்கொண்டிருந்தது; சுண்டுவிரலால் தட்டினால் விழுந்துவிடும்.

மூக்கு கீழே போய், தெருவில் இருந்த இரும்புக்கடையில் கனமான இரும்புத் தாழ்ப்பாள் இரண்டு வாங்கிவந்தார். கடைக்காரரிடமே திருப்புளியும் துளைபோடும் மெஷினும் இரவல் கேட்டார். மதியம் முழுக்கக் கதவோடு மல்லுக்கட்டினார். மேலே ஒன்று, கீழே ஒன்று. வேலை தெரிந்த தச்சன் செய்திருந்தால் அரைமணி நேரத்தில் முடித்திருப்பான். வியர்வை மூக்கின் வளைவில் இறங்கிச் சொட்டியது.

"நான் வெளிய போறேன்கா. நீங்க ரெண்டையும் போடுங்க. தள்ளிப் பாக்கறேன்."

மாடிப்படியில் நின்று அவள் கதவைச் சாத்துவதைப் பார்த்தார். இரும்பு சரிந்து விழும் சத்தம் இரண்டு முறை கேட்டது. தோளால் ஒரு தள்ளு தள்ளினார். கதவு அசையவில்லை.

"சரியா இருக்குக்கா" என்றார்.

கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னும் பலமா தள்ளுங்க தம்பி. அவர் இவ்வளவு மெதுவா தள்ள மாட்டார்."

மூக்கு இரண்டு படி கீழே இறங்கினார். மூச்சை இழுத்துக்கொண்டு ஓடிவந்து மோதினார்.